தீபாவளி மாலையில் விருந்தினர் தாமே சேர்த்து உண்ணும்படி என்ன வைக்கலாம்?

வடபழனி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் தீபாவளியன்று மாலை எங்கள் வீட்டுக்கு உறவினரும் அக்கம்பக்கத்தாருமாகப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். அவர்களில் இருவர் எழுபது வயதைக் கடந்தவர்கள்; மூவர் பள்ளிச் சிறுவர்கள்; ஒருவர் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. காலையிலிருந்து இனிப்பாகவே உண்டு எல்லோருக்கும் திகட்டியிருக்கும் என்பதால், இரவுச் சாப்பாட்டுக்கு முன் புளிப்பும் காரமுமாகச் சிறிதளவு ஏதேனும் கொடுக்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு பஜ்ஜி போட்டேன். வந்தவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, நான் ஒன்றரை மணி நேரம் அடுப்படியிலேயே நின்றேன். ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மாவுடன் பத்து நிமிடம்கூட உட்கார்ந்து பேச முடியாமல் போனது இன்றும் மனத்தை உறுத்துகிறது. ஆகவே, எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து மேசையில் வைத்துவிட்டு, அவரவர் விருப்பம்போல் சேர்த்து உண்ணும்படி ஏதேனும் ஒன்றைச் சொல்லுங்கள். மழைக்காலம் என்பதால் மொறுமொறுப்பானவை நமத்துவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது.

சேலத்து மருமகள் எழுதியது:

சகோதரி, உங்கள் தேவைக்குத் தட்டுவடை (தட்டை) செட்டைவிடப் பொருத்தமானது வேறில்லை என்று துணிந்து சொல்வேன். மாலையானால் சேலத்துத் தள்ளுவண்டிகளில் ஒரு தட்டுவடையை வைத்து, அதன்மேல் பச்சைச் சட்னியும் சிவப்புச் சட்னியும் தடவி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம் ஆகியவற்றை அள்ளி வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடித் தருவார்கள். வண்டிக்காரர் செய்யும் அந்த வேலையை விருந்தினரிடமே விட்டுவிடுங்கள்.

தட்டுவடையை இரண்டு நாள் முன்னதாகவே பொரித்து வைத்துக்கொள்ளலாம், கடையிலும் வாங்கலாம். எதுவானாலும் இரண்டு அங்குல அகலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் அளவில் இருந்தால்தான் கடிக்கும்போது உடைந்து புதுத்துணியில் சிந்தாது. ஆளுக்கு நான்கு செட் என்று கணக்கிட்டால் 96 தட்டுவடை வேண்டும். உடைந்தவற்றுக்கும் சேர்த்து 110 வைத்துக்கொள்ளுங்கள். கேரட் அரைக் கிலோ, பீட்ரூட் கால் கிலோ, வெங்காயம் கால் கிலோ தாராளமாகப் போதும்.

சிவப்புச் சட்னிக்குப் பத்துக் காய்ந்த மிளகாயை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, பத்துப் பல் பூண்டு, இரண்டு தக்காளி, உப்பு ஆகியவற்றோடு அரைக்க வேண்டும். பச்சைச் சட்னிக்கு ஒரு கட்டுக் கொத்தமல்லி, அதில் பாதியளவு புதினா, மூன்று பச்சை மிளகாய், ஒரு துண்டு இஞ்சி, எலுமிச்சைச் சாறு போதும். இரண்டையும் தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைப்பதுதான் முக்கியம். தேங்காய் சேர்க்காதீர்கள், வெளியே வைத்திருக்கும்போது விரைவில் கெட்டுவிடும். வெங்காயம், பூண்டு உண்ணாதவருக்குப் பச்சைச் சட்னியோடு, துருவிய மாங்காய் கிடைத்தால் அதையும் வையுங்கள். கிடைக்காவிட்டால் கேரட்டில் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம்.

துருவிய காய்களில் மட்டும் உப்பை முன்கூட்டியே போட்டுவிடாதீர்கள். உப்புப் பட்டவுடன் காய் நீர் விடத் தொடங்கும். அந்த நீர்தான் தட்டுவடையைப் பதம் கெடச் செய்கிறது. பீட்ரூட்டைத் துருவியதும் கையால் லேசாகப் பிழிந்து, தனிக் கிண்ணத்தில் வையுங்கள். கேரட்டோடு கலந்தால் சிறிது நேரத்தில் எல்லாம் ஒரே நிறமாகிவிடும்.

கோவைச் சமையலறை எழுதியது:

மேலே சொன்னவற்றை முழுமையாக ஏற்கிறேன். மேசையில் எதை எந்த வரிசையில் வைக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். முதலில் தட்டுகள், அடுத்துத் தட்டுவடை, பிறகு சட்னிகள், அதன்பின் காய்கள், கடைசியில் ஓமப்பொடியும் எலுமிச்சைத் துண்டுகளும் என்று இடமிருந்து வலமாக இருந்தால், யாரும் திரும்பி வந்து இன்னொருவரை இடிக்க நேராது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனிக் கரண்டி போடுங்கள். காய்களில் வெங்காயக் கிண்ணத்தைக் கடைசியாக ஓரத்தில் வைத்தால், அதைத் தவிர்ப்பவர் மனச்சங்கடமின்றி எடுத்துக்கொள்வார்.

தட்டுவடையைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, சிறிது சிறிதாக வெளியே எடுத்து வையுங்கள். மழை ஈரத்தில் நமத்துப்போனால், கனமான வாணலியை எண்ணெயில்லாமல் சூடாக்கி, மிகக் குறைந்த தீயில் சில நிமிடம் புரட்டியெடுத்து ஆறவிட்டால் பழைய மொறுமொறுப்பு திரும்பும். சட்னிகளையும் பாதி பாதியாகவே வெளியில் வைப்பது நல்லது; இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் இருந்ததை மறுபடி குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் உண்ண வேண்டாம்.

பானிபூரியும் வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். பூரியை உடைத்து நிரப்பி, ரசத்தில் முக்கியவுடன் வாயில் போட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால், சிறுவர்கள் உள்ள கூடத்தில் தரையெல்லாம் நீராகிவிடும். எங்கள் வீட்டில் ஒரு பொங்கலின்போது அப்படித்தான் ஆயிற்று.

வடபழனி வாசகி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தட்டுவடை செட் என்றே முடிவு செய்துவிட்டேன். பெரியம்மாவுக்குப் பல்செட் இருப்பதால் கடிப்பது கடினம். அவரை மட்டும் தனியே இட்டிலி உண்ணச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்றொன்று, நான் அரைக்கும் புதினாச் சட்னி ஒரு மணி நேரத்தில் கறுத்துவிடுகிறது.

சேலத்து மருமகள் எழுதியது:

பெரியம்மாவுக்கும் எங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது. தட்டுவடையை நொறுக்கிச் சட்னியும் காயும் சேர்த்துப் பிசைந்து தருவதை நொறுக்கல் என்பார்கள். மற்றவர்களுக்கு அது மொறுமொறுப்பாக இருக்க வேண்டும்; பெரியவருக்கோ சட்னியைச் சற்றுக் கூடுதலாக விட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டால், ஈறுகளுக்கு நோகாத பதத்துக்கு வந்துவிடும். வேகவைத்த கேரட்டை மசித்துச் சேருங்கள். காரம் ஆகாதென்றால் சிவப்புச் சட்னியைக் குறைத்து எலுமிச்சையைக் கூட்டுங்கள். சிறுவர்களில் ஒருவரை அவர் அருகில் உட்கார்த்தி நொறுக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு அதைவிடப் பிடித்த வேலை இருக்காது.

புதினா கறுப்பதற்கு மிக்சியின் சூடும் ஒரு காரணம். இரண்டு ஐஸ் கட்டிகளையும் எலுமிச்சைச் சாற்றையும் அரைக்கும்போதே சேர்த்து, விட்டு விட்டு அரையுங்கள். ஐஸ் கட்டி உருகினால் சட்னி இளகுமே என்று தோன்றலாம். ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையும் சேர்த்து அரைத்தால் கெட்டியாகவே நிற்கும். அரைத்ததை மூடி குளிர்பெட்டியில் வைத்து, விருந்தினர் வந்தபின் வெளியே எடுங்கள்.