மறு: டொமைன் பெயர்களைத் திரட்டி விற்கும் பெருநிறுவனங்களை என்னவென்று அழைப்பது?

அனைவருக்கும் வணக்கம்.

டொமைன் பெயர்களை, அதாவது இணையதள முகவரிப் பெயர்களை (தமிழில் களப்பெயர்கள்), இலட்சக்கணக்கில் சேர்த்து வைத்து விற்கும் நிறுவனங்களைத் தமிழில் எப்படி அழைப்பது என்று கேட்ட இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: களப்பெயர் மறுவிற்பனையாளர், பெயர்ப் பதுக்கலர், பெயர்த் தரகர். மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. ‘பெயரிருப்பு நிறுவனம்’ என்பது என் முன்மொழிவு. மடல் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பணம் எந்த வழியில் வருகிறது என்று பார்க்காமல் சொல்லை முடிவு செய்தால், சொல்லே தொழிலைத் தவறாகக் கற்பித்துவிடும்.

> வாங்கி விற்கிறார்கள், அவ்வளவுதானே? மறுவிற்பனையாளர் என்றால் என்ன குறை?

குறை இருக்கிறது ஐயா. இத்துறையில் ரீசெல்லர் என்ற சொல் ஏற்கெனவே வேறொருவருக்கு உரியது. பெயர்களைப் பதிந்து தரும் பதிவாளர் நிறுவனம் ஒன்றில் கணக்கு வைத்துக்கொண்டு, இதுவரை யாரும் எடுக்காத புதுப் பெயரைத் தன் வாடிக்கையாளருக்குப் பதிந்து தருபவரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஹோஸ்டிங் (இணையதளங்களுக்கான சேமிப்பிடம்) விற்கும் சிறு நிறுவனங்கள் பல இந்த வகை. அவர்கள் எந்தப் பெயருக்கும் சொந்தக்காரர்கள் அல்லர்; பதிவுக் கட்டணத்தின்மேல் சிறு இலாபம் வைக்கிறார்கள், விலையும் பெரும்பாலும் பெயருக்குப் பெயர் மாறாது. நாம் பேசும் பெருநிறுவனங்களோ பெயரைத் தாங்களே சொந்தமாக வைத்திருந்து, ஒவ்வொன்றுக்கும் தனி விலை குறிப்பவை. இருவருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் ஒப்பந்தங்களை மொழிபெயர்ப்பவர்கள் திண்டாடுவார்கள்.

> பதுக்கல் என்ற சொல்தான் மக்களுக்கு உடனே புரியும். நல்ல பெயர்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு விலை ஏற்றுகிறார்கள்.

இந்தக் கோபம் எனக்கும் புரிகிறது அம்மா. ஒரு சிறு முயற்சிக்குப் பொருத்தமான பெயரைத் தேடிப் போய், ஆயிரக்கணக்கான டாலர் விலையைக் கண்டு திரும்புவது மனத்தை நோகடிக்கும். ஆனாலும் பதுக்கல் என்பது குற்றத்தைச் சுட்டும் சொல். குற்றத்துக்குத் தனிச் சொல் நமக்குத் தேவைப்படுகிறது: பிறர் வணிகக்குறியைக் குறிவைத்துப் பெயர் பதிவது. 1999-இல், களப்பெயர் அமைப்பை ஒருங்கிணைக்கும் ஐகான் ஏற்ற யூடிஆர்பி என்னும் பிணக்குத் தீர்வு நெறி அதற்காகவே வந்தது. பெயர் தன் வணிகக்குறியோடு ஒன்றாகவோ மயங்கும்படியோ இருக்கிறது, பதிந்தவருக்கு அதில் உரிமையோ நியாயமான அக்கறையோ இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார் ஆகிய மூன்றையும் முறையிடுபவர் நிறுவ வேண்டும். அதே ஆண்டு அமெரிக்கா இயற்றிய சட்டம், பெயர் ஒன்றுக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை இழப்பீடு விதிக்க இடம் தருகிறது. இதைப் ‘பெயர்க் கவர்வு’ என்று வைத்துக்கொள்ளலாம். பொதுச்சொற்களாலான பெயரை வாங்கி வைத்து விற்பதை இந்த நெறி தன்னளவில் குற்றமாகக் கொள்வதில்லை. இந்த வேறுபாட்டை அழிக்கும் சொல் நமக்கு வேண்டாம்.

தரகர் என்பதைச் சுருக்கமாகவே மறுக்கிறேன். தரகர் பிறர் பொருளுக்கு விலை பேசித் தருபவர். அந்தத் தொழிலும் இத்துறையில் தனியாக நடக்கிறது. சொல் அங்கே தேவைப்படும்.

இனி வருமானக் கணக்குக்கு வருகிறேன்.

டாட் காம் பெயர்களின் பதிவகத்தை, அதாவது அவை அனைத்துக்குமான மூல ஏட்டை, நடத்துவது வெரிசைன். அது பதிவாளர்களிடம் வாங்கும் ஆண்டுக் கட்டணம் 2024 செப்டம்பரில் பெயருக்கு 10.26 டாலராக உயர்ந்தது. ஐகானுக்குப் போகும் சிறு தொகை தனி. ஒரு நிறுவனம் 1,00,000 டாட் காம் பெயர்களை வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுகூட விற்காவிட்டாலும் ஆண்டுக்கு 10,26,000 டாலர் கட்டியாக வேண்டும். பெரிய தொகுப்புகளில் ஓராண்டில் விற்பது நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்பதுதான் தொழிலில் இருப்பவர்கள் வழக்கமாகப் பேசும் அளவு. நூற்றுக்கு ஒன்று என்றே கொண்டால், விற்கும் ஒவ்வொரு பெயரும் விற்காத 99 பெயர்களின் கட்டணத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. அதாவது, விற்ற பெயர் 1,026 டாலர் கொண்டுவந்தால்தான் புதுப்பிப்புச் செலவே ஈடாகும். ஆள் சம்பளம், பெயரை முதலில் வாங்கிய விலை எதுவும் இதில் சேரவில்லை.

சாதாரணமாகத் தோன்றும், இரு சொல் சேர்ந்த பெயருக்குக்கூட இவர்கள் இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் கேட்பதற்கு இதுதான் அடிப்படை. பேராசை என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. முந்நூறு டாலருக்கு எல்லாவற்றையும் விற்றால், விற்பனை மூன்று நான்கு மடங்கு பெருகினாலொழியக் கடை மூடப்படும். பெயர் வாங்குவோரின் இயல்பும் விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. ஒரு பெயர் பெரும்பாலும் எவருக்கும் வேண்டாம். வேண்டும் என்று வருகிற ஒருவருக்கோ அதே பெயர்தான் வேண்டும். விலை குறைத்ததால் புதிதாக ஒருவர் வந்துவிடுவதில்லை. அதனால் காத்திருப்பவருக்கே இலாபம். இலட்சம் பெயர் வைத்திருப்பவர் எந்தப் பெயர் எப்போது போகும் என்று கவலைப்படத் தேவையில்லை, ஏதோ ஆயிரம் பெயர் இந்த ஆண்டு போகும் என்று தெரிந்தால் போதும். பத்துப் பெயர் வைத்திருக்கும் தனிமனிதருக்கு அந்த உறுதி கிடையாது. அளவுதான் இங்கே வணிகம்.

செய்திகளில் வருவது வேறு. 2019-இல் வாய்ஸ் டாட் காம் மூன்று கோடி டாலருக்குக் கைமாறியதை எல்லோரும் எழுதினார்கள். அதை விற்ற மைக்ரோஸ்ட்ராடஜி ஒரு மென்பொருள் நிறுவனம், பெயர் வணிகம் அதன் தொழிலன்று. இதற்கு மறுமுனையில், 2015-இல் மார்செக்ஸ் நிறுவனத்திடமிருந்து பதிவாளர் நிறுவனமான கோடாடி ஏறத்தாழ 2,00,000 பெயர்களை மொத்தமாக வாங்கியது, விலை சுமார் 2.8 கோடி டாலர். பெயருக்குச் சராசரி 140 டாலர்தான். மொத்தமாக விற்றால் நூற்றுக்கணக்கு, தனித்தனியே காத்திருந்து விற்றால் ஆயிரக்கணக்கு. இந்த இடைவெளிதான் இவர்களின் சாப்பாடு. ‘மறுவிற்பனை’ என்ற சொல்லில் காத்திருப்புக்கே இடமில்லை. ‘இருப்பு’ என்ற சொல்லில் இருக்கிறது.

சரக்கு எங்கிருந்து வருகிறது என்பது அடுத்தது. பெரும்பகுதி, பிறர் புதுப்பிக்காமல் விட்ட பெயர்கள். டாட் காம் பெயர் காலாவதியானதும் உடனே விடுபடுவதில்லை. பதிவாளர் 45 நாள் வரை வைத்திருக்கலாம். அவர் நீக்கினால், பழைய உரிமையாளர் மீட்டுக்கொள்ள 30 நாள் மீட்புக் காலம். பிறகு 5 நாள் நீக்கக் காத்திருப்பு. அதற்கப்புறம்தான் பதிவகம் பெயரை விடுவிக்கும். பல பதிவாளர்கள் பெயரை அதுவரை போகவே விடுவதில்லை. முதல் கட்டத்திலேயே ஏலத்தில் விட்டுவிடுகிறார்கள். இது பதிவாளர்களுக்குக் கொழுத்த வருமானம், பழைய உரிமையாளருக்கு வழக்கமாக அதில் பங்கு வருவதில்லை. இந்த நடைமுறை எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது, பெயர் பதியும்போது நாம் படிக்காமல் ஒப்புக்கொள்வது அதைத்தான்.

ஏலத்துக்குப் போகாமல் கடைசிவரை வந்து விடுபடும் பெயர்களுக்கு நொடிக்கும் குறைவான நேரத்தில் போட்டி நடக்கிறது. பதிவகத்தோடு ஒவ்வொரு பதிவாளரும் வைத்துக்கொள்ளக்கூடிய இணைப்புகளுக்கு வரம்பு உண்டு. அப்படியானால் பல பதிவாளர்களாக ஆகிவிட்டால்? விடுபடும் பெயர்களைப் பிடித்துத் தரும் ட்ராப்கேட்ச் 2016-இல் அதைத்தான் செய்தது. ஐகான் ஏற்பு பெற்ற 500 புதிய பதிவாளர் நிறுவனங்களை ஒரே வீச்சில் சேர்த்தது. ஒவ்வொன்றுக்கும் ஐகானுக்குச் செலுத்தும் நிலையான ஆண்டுக் கட்டணம் 4,000 டாலர். 500 நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 20 இலட்சம் டாலர், வெறுமனே வரிசையில் கூடுதல் இடம் பிடிக்க! ட்ராப்கேட்சும் பெயர் விற்கும் ஹியூஜ்டொமைன்ஸும் டர்ன்காமர்ஸ் என்ற ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. பிடிப்பதும் ஏலம் விடுவதும் இருப்பு வைப்பதும் விற்பதும் ஒரு கூரையின்கீழ் வந்துவிட்டன. தங்களுக்கே பதிவாளர் ஏற்பு இருப்பதால், பெயர்களைப் பதிவகக் கட்டணத்திலேயே புதுப்பித்துக்கொள்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் பதிவாளரிடம் சில டாலர் கூடுதலாகக் கட்டுகிறோமே, அந்தச் சில டாலர் இலட்சம் பெயருக்கு இலட்சக்கணக்கில் மிச்சமாகும்.

இந்தப் பிடிப்புக்கு ‘உதிர்பிடி’ என்று வைக்கலாம் என நினைக்கிறேன். விடுபடும் பெயர் ‘உதிர்பெயர்’, அதைப் பிடித்துத் தரும் சேவை ‘உதிர்பிடிச் சேவை’. கைவிட்ட பெயர் வேட்டை என்று ஒருவர் எழுதியிருந்தார். உரிமையாளர் மனமறிந்து கைவிட்டார் என்று சொல்ல முடியாது, மின்னஞ்சல் மாறிப்போய் அறிவிப்பைப் பார்க்காதவர்கள் நிறையப் பேர். உதிர்வது தானாக நிகழ்வது. கிளையில் காம்பு காய்ந்ததும் விழுகிற காயைப் போலத்தான் இதுவும் விழுகிறது.

பார்க்கிங் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விற்காத பெயரில் விளம்பரப் பக்கம் போட்டு, முகவரியை நேரடியாகத் தட்டச்சிட்டு வருபவர்களின் சொடுக்குகளால் காசு பார்ப்பது அது. 2000-களில் இதுவே முதன்மை வருமானம். அந்தக் காலத்தில் புதுப் பதிவை 5 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் திரும்பும் என்ற சலுகையைப் பயன்படுத்தி, கோடிக்கணக்கில் பெயர்களைப் பதிந்து, எதில் விளம்பரக் காசு வருகிறது என்று சுவைத்துப் பார்த்துத் திருப்பினார்கள். மிகையான திருப்பல்களுக்கு ஐகான் கட்டணம் விதித்ததும் 2009-க்குள் அந்தப் பழக்கம் ஏறக்குறைய ஒழிந்தது. இப்போது மக்கள் முகவரிப் பட்டையிலேயே தேடுகிறார்கள், தட்டச்சு வருகை தேய்ந்துவிட்டது. பார்க்கிங்குக்கு ‘விளம்பர நிறுத்தம்’ போதும். அதிகம் மெனக்கெட வேண்டாம்.

> இருப்பு என்றால் உளதாம் தன்மை என்றும் பொருள். மெய்யியல் வாடை அடிக்கிறதே?

கையிருப்பு, சரக்கிருப்பு, வங்கி இருப்பு, இருப்புநிலைக் குறிப்பு ஆகியவற்றில் எவருக்கும் மயக்கம் வருவதில்லை. வணிகச் சூழலில் இச்சொல் தானாகவே கணக்கேட்டுப் பொருளைப் பெற்றுக்கொள்கிறது. கிளைச்சொற்களும் இயல்பாக அமைகின்றன: வைத்திருக்கும் தொகுப்பு ‘பெயரிருப்பு’, ஆண்டுதோறும் கட்டுவது ‘இருப்புச் செலவு’, ஓராண்டில் நூற்றுக்கு எத்தனை விற்றது என்பது ‘இருப்பு விற்பு வீதம்’, புதுப்பிக்காமல் சிலவற்றைக் கழித்துவிடுவது ‘இருப்புக் கழிவு’. அந்தக் கழிவு மறுபடி உதிர்பெயராகி இன்னொருவர் உதிர்பிடியில் போய் விழும். மேலே சொன்ன கணக்கை இந்த நான்கு சொற்களாலேயே பிறழாமல் எழுதிவிடலாம். வழக்கில் நிலைக்கும் சொல்லாக இது ஆகுமா என்பது பயன்படுத்துவோர் கையில்.

சந்தைத் தளங்களை இதில் சேர்க்கக் கூடாது என்பதையும் பதிவுசெய்கிறேன். பிறர் பெயரை விற்றுக் கழிவுத்தொகை (கமிஷன்) எடுக்கும் செடோ, ஆஃப்டர்னிக் போன்றவை ‘பெயர்ச் சந்தை’. 2013-இல் ஆஃப்டர்னிக்கையும் 2022-இல் டான் டாட் காமையும் வாங்கிய கோடாடி, பதிவாளராகவும் சந்தையாகவும் இருப்பு வைப்பவராகவும் ஒரே நேரத்தில் இயங்கிய நிறுவனம். நிறுவனம் ஒன்றாக இருந்தாலும் தொழில்கள் வேறு. சொல் தொழிலுக்கு உரியது.

வரையறை வரைவு இதோ: “பெயரிருப்பு நிறுவனம்: களப்பெயர்களைப் பெருந்தொகையாகத் தன் உரிமையில் வைத்து, ஆண்டுக் கட்டணம் செலுத்திக் காத்திருந்து, தனித்தனியே விலை குறித்து விற்கும் நிறுவனம்.” திருத்தங்கள் சொல்லுங்கள்.

ஒன்று எனக்கே தெளியவில்லை: மாதத் தவணையில் பெயரை விற்கும் முறைக்கு என்ன சொல் வைப்பது? வாங்குபவர் மாதாமாதம் கட்டிக்கொண்டு பெயரைப் பயன்படுத்துவார்; கடைசித் தவணை முடிந்த பிறகே உரிமை மாறும்; நடுவில் நின்றால் பெயர் விற்பவரிடமே திரும்பும், கட்டிய பணம் பெரும்பாலும் வராது. இதைத் ‘தவணை விற்பனை’ என்றால் உரிமை முதல் நாளே மாறிவிட்டதாக வாங்குபவர் எண்ணக்கூடும். ‘குத்தகை’ என்றால் இறுதியில் பெயர் கைக்கு வரும் என்பது தெரியாமல் போகும். ‘வாடகைக் கொள்முதல்’ (ஹயர் பர்ச்சேஸ்) என்ற பழைய சட்டச்சொல் இங்கே பொருந்துமா? சட்டத் துறையில் இருப்பவர்கள் பார்த்துச் சொன்னால், இதையும் உதிர்பிடியையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.