அப்பாவுக்கு நடக்க ஏலாது, வீட்டு உறுதி என் பெயரில்: உதவி யார் பெயரில் கேட்பது?

படுவான்கரை மகள்:

வணக்கம். எங்கள் ஊர் கொக்கட்டிச்சோலைக்குப் பக்கம். அப்பாவுக்கு 67 வயது. போன வருடம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. இப்போது பேச்சு திரும்பிவிட்டது, இடது கையால் தானே சாப்பிடுகிறார். சக்கர நாற்காலியும் ஒன்று கிடைத்தது. ஆனால் அது விறாந்தையோடு நின்றுவிடுகிறது.

2011 தை மாத வெள்ளத்தில் பழைய வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் பேசி, சீதனத்துக்குக் கல்வீடு கட்டும்போது அப்பா மேசனோடு சண்டை பிடித்து அத்திவாரத்தை உயர்த்தினார். முன்னால் ஐந்து படி, இரண்டரை அடி உயரம். அதற்குப் பிறகு எந்த மாரியிலும் தண்ணீர் உள்ளே வரவில்லை. இப்போது அவர்தான் வெளியே போக முடியாமல் இருக்கிறார். கிளினிக் நாளில் என் கணவரும் பக்கத்து வளவுத் தம்பியும் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். அந்த நேரம் அப்பா கண்ணை மூடிக்கொள்வார்.

மலசலகூடம் கிணற்றடிக்கு அங்கால், குந்தி இருக்கிற வகை. கதவு இரண்டடிதான், நாற்காலி நுழையாது. வீட்டுக்குள்ளே சட்டி வைக்கிறோம். நான் அதை எடுத்துக்கொண்டு போகும்போது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார்.

ராம்ப், அறையோடு ஒட்டி ஒரு சின்னக் கொமட் பாத்ரூம், அறைக் கதவை அகலிப்பது, எல்லாம் சேர்த்து மேசன் 4 இலட்சத்து 60 ஆயிரம் சொல்கிறார். மாதக் கொடுப்பனவு 10,000 ரூபாய் வருகிறது. அது மருந்துக்கும் பம்பர்ஸுக்கும் சரி. ஓர் அலுவலகத்தில் விசாரித்தபோது, "வீடு உங்களுடையது, வருத்தம் அப்பாவுக்கு, நாங்கள் யாருக்கு எழுதுவது?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை, எழும்பி வந்துவிட்டேன். இப்படி எடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நான் ஆடைத் தொழிற்சாலையில் வேலை, அடிக்கடி லீவு எடுக்க முடியாது.

அக்கரைப்பற்று நானா:

தங்கச்சி, எங்கட கதையும் இதேதான். வாப்பாவுக்குச் சீனி வருத்தம் முற்றி முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இருந்தது ராத்தாவின் வீட்டில், உறுதியும் ராத்தா பெயரில். நம்மட பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும் என்பது கிழக்கில் வேலை செய்கிற எந்த உத்தியோகத்தருக்கும் தெரியும். கவுண்டரில் சொன்னதைக் கடைசிப் பதிலாக எடுக்காதீங்க.

பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரை நேரே பாருங்க. பத்தரமுல்லையில் இருக்கிற மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்துக்கும் சரி, கிழக்கு மாகாண சமூக சேவைகள் திணைக்களத்துக்கும் சரி, நமக்கு வாசல் அவர்தான். எங்களுக்கு விண்ணப்பம் வாப்பா பெயரில் போனது. வாப்பா இந்த வீட்டில்தான் இருக்கிறார், வேலைக்குத் தனக்குச் சம்மதம் என்று ராத்தா ஒரு கடிதம் கொடுத்தா. ஜி.எஸ். (கிராம சேவகர்) வதிவிடத்தை உறுதிப்படுத்தினார். வாக்காளர் இடாப்பில் வாப்பாவின் பெயர் அதே வீட்டு இலக்கத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று. உங்கட அப்பாவின் பெயர் இன்னும் பழைய வளவு இலக்கத்தில் கிடக்குதா என்று முதலில் பாருங்க.

நான் விட்ட பிழையையும் சொல்லிவிடுகிறேன். நல்ல மேசன் ஒருவர் கிடைத்தார், விட்டால் பிடிக்க ஏலாது என்று அனுமதிக் கடிதம் வர முன்னமே பாத்ரூமுக்கு அத்திவாரம் போட்டுவிட்டேன். வந்து பார்த்த உத்தியோகத்தர், தொடங்கின வேலையைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்றார். அந்தப் பங்கு என் கைக்காசு. மிச்சம் கட்டம் கட்டமாக வந்தது, ஒரேயடியாக வராது. மொத்தம் பத்து மாதம் அலைந்தோம்.

ஓய்வு பெற்ற ரீ.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்), செங்கலடி:

மகள், காசுக்கு முதல் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் மேசன் ராம்ப் எத்தனை அடி நீளம் என்று சொன்னார்? சொல்லாவிட்டால் கேளுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இரண்டரை அடிக்கு முப்பது அடி, நடுவில் நாற்காலி நின்று மூச்சு வாங்க ஒரு சமதளம். முன் படியின் மேலேயே பத்தடிக்குக் கொங்கிறீட் போட்டுத் தருவார்கள். அதில் தள்ளி ஏற்ற இரண்டு பேர் வேண்டும், மழையில் இறக்கினால் ஆளையும் கொண்டு போய்விடும். நான் பார்த்த பல பொதுக் கட்டிடங்களில்கூட அப்படித்தான் இருக்கிறது, 2006 இலேயே அணுகல் வசதிக்கு வர்த்தமானி வந்த நாட்டில்.

வளவின் பின்பக்கம் நிலம் உயர்வாக இருந்தால் குசினி வாசலால் இறக்குங்கள். ஓரடி குறைந்தாலே பன்னிரண்டு அடிக் காசு மிச்சம். மேலே மினுக்க வேண்டாம், ஈரத்தோடு தும்புத்தடியால் குறுக்கே கோடு இழுக்கச் சொல்லுங்கள்.

பாத்ரூமில் ஐந்தடிக்கு ஐந்தடி வெறுமையாக இருந்தால்தான் நாற்காலி திரும்பும். கதவு வெளியே திறக்க வேண்டும், உள்ளே விழுந்தால் ஆளே கதவுக்கு அடை. பிடி கம்பி அப்பாவுக்கு இடப்பக்கம். மேசன்மார் பழக்கத்தில் வலப்பக்கம் பூட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் மண் கல்லில் ஆணி அடித்த கம்பி ஆறு மாதத்தில் கழன்று வரும். சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து முறுக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சேர்த்து எஸ்டிமேட்டைத் திருப்பி எழுதி வாங்குங்கள். "ராம்ப், பாத்ரூம்" என்று ஒரு வரியில் எழுதின தாளை வைத்து யாரும் காசு ஒதுக்க மாட்டார்கள்.

கல்லடிப் பொடியன், இப்போது இலண்டனில்:

அக்கா, இங்கே இதற்கென்றே ஒரு மானியம் இருக்கிறது. இங்கிலாந்தில் 30,000 பவுண் வரை, ஊர் கவுன்சில் கொடுக்கும். வீட்டுக்காரர் ஒருவர், மாற்றுத்திறனாளி இன்னொருவர் என்றாலும் பரவாயில்லை, வாடகை வீட்டுக்கும் உண்டு. நீங்கள் கேட்ட கேள்வியே இங்கே எழாது. ஆனால் இங்கேயும் அனுமதி வரமுன் வேலை தொடங்கினால் காசு இல்லை, நானா சொன்ன அதே சங்கதி. இந்த மானியச் சட்டம் 1996, நம்மட நாட்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கம். ஒரே வயது, வளர்ந்த விதம்தான் வேறு.

வாழைச்சேனை அக்கா:

தங்கச்சி, ஆடைத் தொழிற்சாலையில் எத்தனை வருடம்? பத்து வருடச் சேவையும் ஊழியர் சேமலாப நிதியில் குறைந்தது 3 இலட்சமும் இருந்தால், வேலையில் இருக்கும்போதே வீட்டுத் தேவைக்கு 30 சதவீதம் எடுக்கலாம். அங்கே உறுதி உங்கள் பெயரில் இருப்பது நல்லதுதான். தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் அது உங்கள் வயதுபோன காலத்துக் காசு, முதலில் நானா சொன்ன வழியைப் பாருங்கள்.

படுவான்கரை மகள்:

எல்லோருக்கும் நன்றி. பன்னிரண்டு வருடம் ஆயிற்று அக்கா, அதைக் கடைசிக்கு வைக்கிறேன். நானா சொன்னது சரி, அப்பாவின் பெயர் பழைய இலக்கத்தில்தான் கிடக்கிறது, ஜி.எஸ்.ஸிடம் திருத்தக் கொடுத்துவிட்டேன்.

நேற்று ஐயா சொன்னபடி குசினிப் பக்கம் அளந்தோம். மேசன் மட்டக்குழாய் பிடித்தார், அப்பா வாசலில் நாற்காலியில் இருந்து நூலின் நுனியை இடது கையால் பிடித்துக்கொண்டார். ஓரடி எட்டங்குலம் வந்தது. இருபது அடி. நடுவில் ஒரு முருங்கை நிற்கிறது, வெட்டலாம் என்றோம். வெட்ட வேண்டாம், ராம்பை வளைத்துக் கொண்டுபோ என்று மேசனோடு சண்டை பிடிக்கிறார். ஐயா, வளைத்தால் திரும்புகிற இடத்தில் எத்தனை அடி அகலம் விட வேண்டும்?