ஓ.எல். வயதுப் பிள்ளையோடு இங்கிலாந்து வந்தவர்களுக்கு: எந்தத் தாள் என்று முதலில் கேளுங்கள்

இலங்கையில் ஹட்டன், பண்டாரவளைப் பக்கமிருந்து தரம் 9, 10 படித்த பிள்ளையோடு வந்திருப்பவர்கள் இதை ஸ்கூல் சேர்த்த கையோடு கவனியுங்கள்.

ஊரில் ஓ.எல். பரீட்சையில் 75 புள்ளிக்கு ஏ, 35க்கு எஸ் என்று கோடு நிலையானது. இங்கே ஓ.எல். போல 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பரீட்சையில் 2017 முதல் வந்த 9-1 முறையில் 9தான் உச்சம். எத்தனை புள்ளிக்கு எந்தத் தரம் என்பதை ஒவ்வொரு வருடமும் விடைத்தாள் திருத்திய பிறகே தீர்மானிக்கிறார்கள். பழைய ஏ தொடங்கும் இடம் 7, பழைய சி தொடங்கும் இடம் 4. ஆங்கில மொழியிலும் கணிதத்திலும் 4 வராவிட்டால், 16 வயதுக்குப் பிறகு காலேஜில் எதைப் படித்தாலும் அந்தப் பாடத்தையும் தொடர்ந்து படிக்க வேண்டும்.

பெற்றோர் தவறவிடுவது இதைத்தான்: கணிதம், விஞ்ஞானத்துக்கு இரண்டு வகைத் தாள்கள், இலகுவான ஃபவுண்டேஷன், கடினமான ஹயர். ஃபவுண்டேஷன் தாளில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 5க்கு மேல் கிடைக்காது. ஏ.எல். கணிதத்துக்குப் பெரும்பாலான இடங்களில் 6 அல்லது 7 கேட்பார்கள். அந்தக் கதவு அப்போதே மூடிவிடும். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையைக் கணிதத்திலும் கீழ் செட்டில், அதாவது ஃபவுண்டேஷன் தாளுக்குப் படிக்கும் வகுப்பில், போட்டுவிடுவது நடக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இது பெரிய அநியாயம். ஊர்த் தவணை அறிக்கையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுங்கள். வசனக் கணக்கு இல்லாத ஒரு சோதனை வைத்துப் பார்க்கும்படி கணித ஆசிரியரைக் கேளுங்கள். ஜி.சி.எஸ்.இ. எழுதும் வருடமான இயர் 11இல் பெப்ரவரியில் பரீட்சைக்குப் பெயர் கொடுப்பார்கள், அதற்கு முன் மாதிரிப் பரீட்சை முடிந்த உடனே பேசிவிட வேண்டும்.

அதற்காக எல்லாரையும் ஹயர் தாளுக்குத் தள்ளவும் கூடாது. அதில் 3க்கும் கீழே போனால் தரமே இல்லை, யூ தான்.

பெரும்பாலான ஸ்கூல்களில் கணிதத்தில் மூன்று தாள்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம், 80 புள்ளி. முதல் தாளுக்குக் கல்குலேட்டர் இல்லை, ஓ.எல். பழக்கம் அங்கே கைகொடுக்கும். மற்ற இரண்டுக்கும் உண்டு, ஊரில் அதைத் தொடாமலே படித்த பிள்ளைக்கு இப்போதே ஒன்று வாங்கிப் பழக்குங்கள்.

தமிழ்-ஆங்கில அகராதி கணிதம், விஞ்ஞானத் தாள்களுக்கு அனுமதி பெறலாம், ஆங்கில மொழித் தாளுக்குக் கிடையாது. ஆனால் வகுப்பிலும் வழக்கமாகப் பாவித்திருக்க வேண்டும். பரீட்சை நேரத்தில் புதிதாகக் கேட்டால் தரமாட்டார்கள். உள்ளே பேனையால் எழுதிய குறிப்பு எதுவும் இருக்கக்கூடாது.

ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அங்கே இதற்குப் பதிலாக நேஷனல் 5 என்ற பரீட்சை. வேல்ஸில் இன்னும் ஏ, பி, சி தான்.