10ஆம் வகுப்புப் பெண்ணுக்குக் கோடை அறிவியல் / பொறியியல் வகுப்பு: எதை எடுப்பது, எதை விடுவது? (நியூ ஜெர்சி, எச்-4)

எடிசன்_அம்மா:

வணக்கம். பெண் இப்போது 10ஆம் வகுப்பு. வரும் மே மாதம் 16 முடிகிறது. இயற்பியலும் மின்னணுவும் பிடிக்கும்; ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை), சாலிடரிங் வரை கைப்பழக்கம் உண்டு. கணக்கில் அல்ஜீப்ரா 2 நடக்கிறது. நாங்கள் எச்-1பி (வேலை விசா) / எச்-4 (அதைச் சார்ந்த குடும்பத்தினர் விசா), கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். பள்ளி ஜூன் 20 வாக்கில்தான் முடியும்.

போன வாரம் தபாலில் ஒரு கடிதம் வந்தது. "உங்கள் மகள் தேசிய அளவில் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறார்" என்று தங்க முத்திரையோடு. பெரிய பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் 9 நாள் பொறியியல் முகாம், 3,900 டாலர், விமானச் செலவு தனி. 10 நாளுக்குள் 600 டாலர் முன்பணம் கட்ட வேண்டுமாம். கட்டலாமா? இல்லையென்றால் இந்தக் கோடைக்கு வேறு எதற்கு விண்ணப்பிக்கலாம்? எச்-4 என்பதால் எங்கே தடை வரும்? எதுவுமே கிடைக்காவிட்டால் என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோடைக்கணக்கு:

கடிதத்தை முதலில் முடித்துவிடுவோம். மதிப்பெண் பட்டியல் கேட்கவில்லை, ஆசிரியர் கடிதம் கேட்கவில்லை, பெண் எழுதிய ஒரு வரியைக்கூட யாரும் படிக்கவில்லை. பிறகு எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள்? பள்ளியில் நிரப்பும் விருப்பப் படிவங்கள், போட்டிப் பதிவுகள் வழியாகப் போகும் முகவரிப் பட்டியலில் பெயர் இருந்திருக்கும், அவ்வளவுதான். இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். முகாம் நடக்கும், பிள்ளைகளுக்குப் பொழுதும் நன்றாகப் போகும். ஆனால் அது கௌரவம் அல்ல, விற்பனை.

எந்த முகாமாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது, அதை நடத்துவது பல்கலைக்கழகமா அல்லது விடுதியையும் வகுப்பறையையும் வாடகைக்கு எடுத்த நிறுவனமா என்பதை. "இன்ன பல்கலையில் நடைபெறும்" என்பது வேறு, "இன்ன பல்கலை நடத்தும்" என்பது வேறு. பல்கலையின் சொந்தத் தளத்தில், அதாவது .edu என்று முடியும் முகவரியில், அந்த முகாமுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். பாடம் எடுப்பவர் பெயரும் துறையும் போட்டிருக்கிறார்களா? ஒரு நாளின் மணிவாரி அட்டவணை தருவார்களா? மின்னஞ்சலில் கேட்டுப் பாருங்கள். 9 நாளில் 2 நாள் வந்து சேரவும் கிளம்பவும் போகும், ஒரு நாள் ஊர்சுற்றல், மாலையெல்லாம் "தலைமைப் பண்பு" உரை என்றால் ஆய்வகத்தில் நிற்கும் நேரம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பணம் வாங்குகிறார்கள் என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நடத்தும் பொறியியல் கோடை வகுப்புக்குக் கட்டணம் உண்டு. ஆனால் அங்கே உண்மையான கல்லூரிப் பாடம், ஆய்வக அறிக்கை, தேர்வு எல்லாம் இருக்கும். ஏ அல்லது பி வாங்கினால்தான் கிரெடிட், அதாவது கல்லூரிப் பாடம் முடித்ததற்கான கணக்கு. அல்ஜீப்ரா 2, டிரிக்னாமெட்ரி முடித்திருக்க வேண்டும் என்பார்கள். உங்கள் பெண்ணுக்கு இந்த ஆண்டு டிரிக்னாமெட்ரி எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கிரெடிட்டில் ஒரு பொறி உண்டு. கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் ஏறிய மதிப்பெண்ணைப் பின்னால் கல்லூரி விண்ணப்பத்தில் காட்டியாக வேண்டும். கோடையில் அலட்சியமாக எடுத்த மதிப்பெண்ணும் கூடவே வரும்.

அடுத்து வகுப்பு. பேர்பெற்ற இலவச ஆய்வுத் திட்டங்கள் பெரும்பாலும் 11ஆம் வகுப்பு முடித்துப் போகிறவர்களுக்குத்தான். எம்.ஐ.டி. வளாகத்தில் 6 வாரம் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. (ரிசர்ச் சயின்ஸ் இன்ஸ்டிட்யூட்), எம்.ஐ.டி.யே நடத்தும் மைட்ஸ் கோடைத் திட்டம், ஸ்டோனி புரூக் பல்கலையின் சைமன்ஸ் ஆய்வுத் திட்டம், எல்லாமே அப்படி. டெக்சாஸ் டெக்கின் கிளார்க் ஸ்காலர்ஸில் 12 பேரைத்தான் எடுப்பார்கள். அதற்கும் 17 வயது ஆகியிருக்க வேண்டும். ஆகவே இந்தக் கோடையில் இவை கிடைக்கவில்லை என்று வருந்த ஒன்றுமில்லை. கலிஃபோர்னியாவின் காஸ்மாஸ் கோடைத் திட்டம் பற்றி இங்கே அடிக்கடி பேச்சு வரும். அது அந்த மாநிலப் பிள்ளைகளை மனத்தில் வைத்து நடப்பது, உங்களுக்கு உதவாது.

நியூ ஜெர்சியில் இருக்கிறீர்கள் என்பது பெரிய வசதி. ரட்கர்ஸில் பொறியியலுக்கும் ட்ரூ பல்கலையில் அறிவியலுக்கும் கவர்னர்ஸ் ஸ்கூல் என்ற மாநிலக் கோடைத் திட்டம் நடக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கலாம், கட்டணம் கிடையாது. 11ஆம் வகுப்பில் இருக்கும்போது விண்ணப்பம். ஆனால் பள்ளிதான் பெயரை அனுப்ப வேண்டும், அதுவும் எண்ணிச் சிலரை மட்டும். வரும் செப்டம்பரில் பள்ளிக் கவுன்சிலரிடம் (ஆலோசகரிடம்) போய், "பள்ளிக்குள் எந்தத் தேதிக்குள் கேட்பீர்கள், எதை வைத்துத் தேர்வு செய்வீர்கள்" என்று பெண்ணே கேட்கட்டும். பொதுக் கடைசித் தேதியை மட்டும் நம்பி இருந்தால் பள்ளியின் உள்தேதி அதற்கு முன்பே போய்விடும். சைமன்ஸுக்கும் பள்ளிப் பரிந்துரை தேவை, அங்கேயும் இதே கதைதான்.

விசாக்குறிப்பு:

எச்-4 பற்றி. படிக்கத் தடையில்லை, சம்பளம் வாங்கத்தான் தடை. இதை வைத்தே பட்டியலை இரண்டாகப் பிரித்துவிடலாம்.

மைட்ஸும் சைமன்ஸும் குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு மட்டும். மத்திய அரசின் ஆய்வகங்களிலும், அரசுப் பணத்தில் நடக்கும் பயிற்சிகளிலும் இந்த நிபந்தனை அடிக்கடி வரும். வரிசையில் நிற்கிறோம், ஐ-140 (வேலை தருபவர் போடும் கிரீன் கார்டு மனு) ஆகிவிட்டது என்பதெல்லாம் கிரீன் கார்டு கையில் இருப்பதற்குச் சமமாகாது. தகுதிப் பக்கத்தில் "நிரந்தர வசிப்புரிமை" (கிரீன் கார்டு) கட்டாயம் என்று இருந்தால் கட்டுரை எழுதி நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

உதவித்தொகை தரும் திட்டங்களில் கவனம் தேவை. தொகையைச் சம்பளக் கணக்கில் போடுகிறார்கள் என்றால் வேலை அனுமதியும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கேட்பார்கள். எச்-4இல் இருக்கும் பள்ளிப் பிள்ளைக்கு இரண்டும் இருக்காது. விண்ணப்பிக்கும் முன்பே அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "எச்-4இல் இருக்கும் மாணவர் சேரலாமா? உதவித்தொகை வேலைக்கான ஊதியமாகக் கணக்கிடப்படுமா? அது இல்லாமல் சேர வழி உண்டா?" பதிலைச் சேமித்து வையுங்கள். தொலைபேசியில் யாரோ "பரவாயில்லை" என்று சொன்னது, சேரும் நாளில் படிவத்தின் முன் செல்லாது.

கவர்னர்ஸ் ஸ்கூலுக்கும் இதே மின்னஞ்சல்தான். மாநிலத்தில் வசிப்பதும் குடியுரிமையும் வேறு வேறு நிபந்தனைகள், இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இன்னொன்று வயது. வேதியியல், உயிரியல் ஆய்வகங்களில் 16 நிறைவு என்று கறாராக இருப்பார்கள், திட்டம் தொடங்கும் நாளைக் கணக்கில் வைத்து. மே மாதம் 16 முடிவதால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. ஜூலையில் பிறந்த பிள்ளைகள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

எடிசன்_அம்மா:

மிக்க நன்றி. 600 டாலர் கட்டவில்லை. ஒரு சந்தேகம். கட்டண வகுப்புகள் சீக்கிரமே இடம் கொடுத்து முன்பணம் கேட்கின்றன. நல்ல திட்டங்களின் முடிவு மார்ச், ஏப்ரல் ஆகும் போலிருக்கிறதே. நடுவில் என்ன செய்வது? விண்ணப்பம் எழுதுவதிலும் எது எடுபடும் என்று புரியவில்லை.

கவுன்சிலர்மேசை:

நீங்கள் சொல்லும் இடைவெளிதான் பல குடும்பங்களில் பணம் கரையும் இடம். முதலில் திரும்பக் கிடைக்காத தொகை எவ்வளவு என்று பாருங்கள். "டெபாசிட்" என்ற பெயரில் இருப்பது பெரும்பாலும் திரும்பி வராது. மீதிக் கட்டணத்தில், நீங்கள் எந்தத் தேதியில் விலகுகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பிடித்தம் இருக்கும். இரண்டாவது, கெடுவை நீட்டிக்கக் கேளுங்கள். "வேறொரு திட்டத்தின் முடிவு ஏப்ரலில் வருகிறது, இரண்டு வாரம் தர முடியுமா" என்று மரியாதையாகக் கேட்டால் பல்கலை அலுவலகங்கள் சில வேளை தருவார்கள். தராவிட்டால் அந்த முன்பணத்தைக் காப்பீட்டுத் தொகை மாதிரி நினைத்து, போனால் போகட்டும் என்று தோன்றினால் மட்டும் கட்டுங்கள். நிதியுதவி வேண்டுமென்றால் வருமான வரிப் படிவம் 1040, ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 இரண்டையும் விண்ணப்பத்தோடேயே அனுப்ப வேண்டியிருக்கும். இடம் கிடைத்த பிறகு கேட்டால் பல இடங்களில் நிதி தீர்ந்திருக்கும்.

தேதி மோதலையும் இப்போதே பாருங்கள். கோடைத் திட்டங்கள் சில ஜூன் நடுவிலேயே தொடங்கிவிடும். ஜார்ஜியா மாதிரி மே மாதமே பள்ளி முடியும் மாநிலங்களுக்கு அது வசதி. உங்கள் பள்ளியில் அப்போது இறுதித் தேர்வு ஓடிக்கொண்டிருக்கும். முதல் வாரம் தாமதமாக வர அனுமதிப்பது அபூர்வம், ஏனென்றால் குழு பிரிப்பதும் பாதுகாப்புப் பயிற்சியும் அந்த வாரத்தில்தான்.

ஆசிரியர் கடிதம்: குறைந்தது 4 வாரம் முன்பே கேட்க வேண்டும். ஆர்.எஸ்.ஐ. மாதிரி டிசம்பரிலேயே முடிகிற விண்ணப்பம் என்றால் அக்டோபரிலேயே கேட்டாக வேண்டும். கேட்கும்போது ஒரு பக்கக் குறிப்பு கொடுக்கட்டும்: எந்தெந்தத் திட்டம், கடைசித் தேதி, அந்த ஆசிரியர் வகுப்பில் செய்த ஒரு குறிப்பிட்ட வேலை. கடிதத்தை ஆசிரியரே தளத்தில் ஏற்ற வேண்டும். அந்த இணைப்பு மின்னஞ்சல் பள்ளியின் வடிகட்டியில் மாட்டி ஸ்பாமில் விழுவது சர்வ சாதாரணம். அனுப்பிய மறுநாளே "வந்ததா" என்று கேட்பதில் தவறில்லை.

கட்டுரை விஷயத்தில் ஒன்றே ஒன்று. "எனக்குச் செயற்கை நுண்ணறிவு மிகவும் பிடிக்கும், உலகை மாற்ற விரும்புகிறேன்" என்று எழுதுபவர்கள் குவியலாக இருப்பார்கள். எது வேலை செய்யவில்லை, ஏன் என்று எப்படிக் கண்டுபிடித்தாள், அடுத்து எதை அளந்து பார்க்க நினைக்கிறாள் என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்கார்வார். பெற்றோர் திருத்தினால் வாக்கியம் அழகாகும், பிள்ளையின் குரல் போய்விடும். எழுத்துப்பிழையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாம்கிரகம்:

ஒரு பெயர் விட்டுப்போயிற்று. எஸ்.எஸ்.பி., அதாவது சம்மர் சயின்ஸ் புரோகிராம், 1959இலிருந்து நடக்கிறது. வானியற்பியல் பிரிவில் மூன்று மூன்று பேராகப் பிரிந்து, பூமிக்கு அருகில் வரும் ஒரு சிறுகோளைத் தொலைநோக்கியில் பல இரவுகள் படமெடுத்து, கணிதவியலாளர் காஸின் முறைப்படி அதன் சுற்றுப்பாதையைக் கணக்கிட்டு, நிரலைத் தாங்களே பைத்தானில் எழுத வேண்டும். மேகம் மூடிய இரவுகள் அதிகமானால் அளவீடுகள் நெருங்கிய நாட்களில் குவிந்து, பாதையில் பிழை பெருகும். அதையும் எதிர்கொண்டுதான் ஆக வேண்டும். கட்டணம் உண்டு, ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருகிறார்கள். இதுவும் முக்கியமாக 11ஆம் வகுப்பினருக்கே. அடுத்த ஆண்டுப் பட்டியலில் போடுங்கள்.

ராஸ், பிராமிஸ் என்ற கணிதக் கோடை முகாம்களை யாராவது சொல்வார்கள். இரண்டும் அருமை, 10ஆம் வகுப்பிலும் சேரலாம். ஆனால் 6 வாரமும் எண் கோட்பாடு, நிறுவல் (கணிதத் தேற்றங்களை நிரூபிப்பது), நிறுவல். சாலிடரிங் இரும்பைப் பிடிக்கத் துடிக்கும் பெண்ணை அங்கே அனுப்பினால் இரண்டாம் வாரம் ஃபோன் வரும்.

எம்.ஐ.டி.யின் பீவர் வொர்க்ஸ் கோடைத் திட்டம் இவளுக்குப் பொருந்தும். தானோட்டிச் சிறு கார் மாதிரிப் பாடங்கள். முதலில் இணையவழிப் பாடம் முடிக்க வேண்டும், அதன் பிறகுதான் ஜூலையில் 4 வாரக் கோடைப் பகுதிக்குத் தேர்வு. அடுத்த ஆண்டு கோடைக்குக் குறிவைத்து, பைத்தானை இப்போதே கைக்குக் கொண்டுவரட்டும்.

பற்றவைப்பு:

எதுவும் கிடைக்காவிட்டால் என்ற கடைசிக் கேள்விக்கு: 3,900 டாலரில் ஐம்பதில் ஒரு பங்கு போதும்.

ஒரு இ.எஸ்.பி.32 பலகை (வை-ஃபை உள்ள, ஆர்டுயினோ மாதிரிப் பலகை), மண் ஈர உணரி, டி.எஸ்.18பி20 வெப்ப உணரி, 4.7 கிலோ ஓம் மின்தடை, பிரெட்போர்டு (சாலிடரிங் இல்லாமல் கம்பிகளைச் செருகும் பலகை). பின்கட்டில் ஒரு தக்காளித் தொட்டி போதும். ஈரம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது, வெப்பத்தோடு அது எப்படி மாறுகிறது என்று 8 வாரம் பதிவு செய்யட்டும்.

இதில் தவறும் இடங்கள்தான் பாடம். இரண்டு முள் உள்ள மலிவான ஈர உணரியில் நேர்மின்சாரம் தொடர்ந்து ஓடினால் மின்பகுப்பால் ஒரு முள் அரித்துப்போகும். அளவு மெல்ல நகரும், மண் காய்கிறது என்று தப்பாக நினைக்கத் தோன்றும். அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுக்க வேண்டும், அல்லது மின்தேக்க வகை உணரி வாங்க வேண்டும். வை-ஃபை ஓடும்போது இ.எஸ்.பி.32இன் ஏ.டி.சி.2 முனைகள் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் முனைகளில் ஒரு தொகுதி) வேலை செய்யாது; 32 முதல் 39 வரை எண்ணிட்ட ஏ.டி.சி.1 முனைகளில் இணைக்கட்டும். வெப்ப உணரி -127 காட்டினால் கம்பி விட்டிருக்கிறது அல்லது 4.7 கிலோ ஓம் மின்தடையை மறந்தாயிற்று. 85 காட்டினால் அளவீடு முடிவதற்குள் படித்துவிட்டது. 12 பிட் துல்லியத்துக்கு 750 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். உணரி தரும் எண்ணை அப்படியே ஈரம் என்று எழுதக் கூடாது. அடுப்பில் உலர்த்திய மண்ணை எடைபோட்டு, தெரிந்த அளவு நீரைச் சேர்த்துச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் அளவைக் குறித்து, தன் உணரிக்கென்று ஒரு வரைபடம் போட வேண்டும். இந்த ஒரு வேலையே மேலே சொன்ன கட்டுரைக்குப் போதும்.

அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோக நினைத்தால், ஐசெஃப் (சர்வதேச அறிவியல், பொறியியல் கண்காட்சி) விதிப்படி தொடர்ச்சியாக 12 மாதத்துக்கு மேற்பட்ட வேலையைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். தொடங்கிய தேதியை முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். தொட்டியும் உணரியும் மட்டும் என்றால் சிக்கல் குறைவு. அக்கம்பக்கத்தாரிடம் கேள்வித்தாள் கொடுத்துத் தகவல் சேர்ப்பதாக இருந்தால் தொடங்கும் முன்பே, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வைச் சரிபார்க்கும் குழுவின் அனுமதி வேண்டும், பின்னால் வாங்க முடியாது. அடுத்த ஆண்டு பல்கலை ஆய்வகத்தில் வேலை செய்தால், அங்கே மேற்பார்த்தவர் படிவம் 1சி நிரப்பித் தர வேண்டும். வேலை முடிந்த கடைசி வாரத்திலேயே, அவர் விடுப்பில் போவதற்குள், கையெழுத்து வாங்கிவிடுங்கள்.