மயங்கி விழுந்த அன்றுதான் டிகிரி ஞாபகம் வந்தது

அமெரிக்காவில் ஒரு சின்ன ஏர்லைனில் கோ-பைலட்டாக இருக்கிறேன். பைலட்டுக்கு எதற்கு டிகிரி என்று கேட்பவர்களுக்காக இது.

உரிமத்துக்கு டிகிரி தேவையில்லை, மணிக்கணக்குதான் தேவை. 2009-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் பயணிகள் விமானம் விழுந்த பிறகு சட்டம் இறுகியது. 2013 முதல் கோ-பைலட்டுக்கும் ஏடிபி (ஏர்லைன் பைலட்டுக்கான உயர்நிலை) உரிமம் வேண்டும், அதற்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் விமானப் படிப்பு முடித்தால் 1,000 மணியே போதும். நான் படித்ததோ அக்கவுண்ட்ஸ். சலுகை கிடையாது. அந்த 500 மணியைப் பயிற்சியாளராக ஓட்டிச் சேர்க்க எனக்குப் பத்து மாதம் ஆனது. என்னோடு பறக்கக் கற்ற, விமானப் படிப்பு முடித்த நண்பன் அதற்குள் வேலையில் சேர்ந்துவிட்டான். ஏர்லைனில் லீவு, ரூட், கேப்டன் பதவி எல்லாம் சீனியாரிட்டி எண்படிதான். இன்றும் பண்டிகை நாளில் அவன் வீட்டில், நான் ஹோட்டலில்.

சரி, வீண் படிப்பு என்றே நினைத்திருந்தேன். அப்புறம் ஒருநாள் குளியலறையில் மயங்கி விழுந்தேன். காரணம் தெரியாத மயக்கம் என்றால் பறக்கத் தேவையான மெடிக்கல் சான்று கிடைக்காது. காரணத்தைக் கண்டுபிடித்து நிரூபிக்க எட்டு மாதம். அதுவரை சோறு போட்டது அக்கவுண்ட்ஸ்தான்.

* * *

அண்ணா, நான் டிகிரி இல்லாமலே சேர்ந்தவன். என் கணக்கு வேறு. 65 வயதில் கட்டாய ஓய்வு. கல்லூரிக்குக் கொடுக்கும் நான்கு வருடம் கடைசியில்தான் கழியும், அதாவது கேப்டனாக உச்சச் சம்பளம் வாங்கும் வருடங்களில்.

* * *

நியாயம்தான் தம்பி. ஆனால் குறைந்த வயதில் தரும் ஏடிபி உரிமத்துக்கே 21 வயது ஆக வேண்டுமே? பள்ளி முடித்து அதுவரை என்ன செய்தீர்கள்?

* * *

பேனர் இழுத்தேன் அண்ணா! கடற்கரை மேலே விளம்பரத் துணியைக் கட்டி இழுத்துக்கொண்டு, கோடை முழுக்க. 21 ஆனபோது 1,500 மணி கையில் இருந்தது.

டெல்டா ஏர்லைன்ஸ் 2022 ஜனவரியில் டிகிரி கட்டாயத்தை எடுத்து, ‘இருந்தால் நல்லது’ என்று மாற்றியபோது துள்ளிக் குதித்தேன். ஆனால் விண்ணப்பம் குவியும் காலத்தில் அந்த ‘நல்லது’ எப்படி வேலை செய்யும் என்று யோசித்தால் தூக்கம் வரவில்லை. இப்போது ஆன்லைனில் டிகிரி படிக்கிறேன். நாளை காலை பரீட்சை, மதியம் ஃப்ளைட்.