மறுகால் பாயாத ஏரி: ஆல்ப்ஸ்டைன் மலையில் ஒரு நாள்

கிழக்குச் சுவிட்சர்லாந்தில் இருக்கும் ஆல்ப்ஸ்டைன் சின்ன மலைத்தொடர்தான். அதன் உச்சியான சென்டிஸ் 2,502 மீட்டர். பனிச்சிகரங்களைத் தேடி வருகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் எந்த மலையும் என்னை இவ்வளவு யோசிக்க வைத்ததில்லை.

ப்ரூலிசாவ் கிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, செங்குத்தான ஓடைப் பள்ளத்தில் மூச்சு வாங்க ஏறினேன். மேலே செம்டிஸர் ஏரி. செப்டம்பர் கடைசி என்பதால் தண்ணீர் ரொம்பக் கீழே கிடந்தது. கரையெல்லாம் வெளிறிய சேறு, காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் வளர்ந்தவன் நான். எந்த ஏரியைப் பார்த்தாலும் முதலில் மறுகால் எங்கே என்றுதான் கண் தேடும். சுற்றிச் சுற்றி வந்தும் காணோம். ஓடை உள்ளே வருகிறது, வெளியே எதுவும் போகவில்லை. இன்னும் மேலே, 1,446 மீட்டரில் இருக்கும் ஃபேலன் ஏரியிலும் இதே கதை.

அங்கே விடுதியில் சூப் கொண்டுவந்து வைத்த அம்மாவிடம் கேட்டேன். விரலால் தரையைக் காட்டி, “அடியில போயிடும், மலைக்கு அந்தப் பக்கம்தான் வெளிய வரும்” என்றார்.

வெளியே வந்து பாறையில் உட்கார்ந்தபோதுதான் விளங்கியது. அது சுண்ணாம்புப் பாறை. மழைநீர் கரைத்துக் கரைத்து, உள்ளங்கை நுழையும் அளவுக்கு அதில் நீள நீளமாகப் பள்ளம் பறித்திருந்தது. மேலேயே இப்படி என்றால் உள்ளே எத்தனை பொந்து, எத்தனை குகை! ஏரியில் சாயத்தைக் கலந்துவிட்டு, அது எங்கே வெளிவருகிறது என்று பார்த்துத்தான் தண்ணீரின் வழியைக் கண்டுபிடித்தார்களாம். ஒரு முழு மலைமுகட்டுக்கு அடியில் புகுந்து, 700 மீட்டருக்கும் மேல் இறங்கி, ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சென்வால்ட் ஊரில் வெளிவருகிறது.

*

அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் போனது அடுத்த பள்ளத்தாக்கு, சீஆல்ப் ஏரி. அதற்கு மறுகால் இருக்கிறது! வடக்கே ஓடி, சிட்டர் ஆற்றில் சேர்ந்து, தூர் ஆறு வழியாக ரைனுக்குப் போகிறது. மூன்று மடிப்பாக மடிந்த மலை அது. பக்கத்துப் பக்கத்து மடிப்பில் இருந்தும் இரண்டு ஏரிக்கும் இரண்டு வழி. நீங்கள் சென்வால்ட் போனீர்களா?

*

போனேன் தம்பி. மறுநாள் காலையில் சாக்ஸர் கணவாய் வழியாக இறங்கினேன். மலைத்தொடரையே குறுக்கே வெட்டும் ஒரு பிளவு அங்கே ஓடுகிறது. கணவாயில் நின்றால் ஒரு பக்கம் கிராய்ட்ஸ்பெர்கே பாறைகள் பலகையை நிறுத்தி வைத்தது போல நிற்கின்றன. அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

நீ சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள். உன் ஏரித் தண்ணீர் கான்ஸ்டன்ஸ் ஏரிக்குள் போகாமல், அதற்குக் கீழேதான் ரைனைத் தொடுகிறது. என் ஏரித் தண்ணீர் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு முன்னாலேயே ரைனில் விழுந்து, அந்தப் பெரிய ஏரிக்குள் புகுந்து வெளியே வருகிறது.

சென்வால்டில் மலையடியில் ஓடை சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து கையை விட்டேன். பத்து எண்ணுவதற்குள் விரல் மரத்துப்போனது.