நடுவில் சுவர் வைத்த கடற்கரை: திரியெஸ்தேயில் குடும்பத்தோடு போகலாமா?

பெட்டிபடுக்கை:
வணக்கம். செப்டம்பரில் இத்தாலியின் திரியெஸ்தேயில் ஒரு பயிலரங்கு, அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய இயற்பியல் மையத்தில். மனைவி, ஏழு வயது மகன், மாமியார் மூவரும் கூட வருகிறார்கள். ஊருக்குள்ளேயே, அலை அதிகம் இல்லாமல் ஒரு கடற்கரை வேண்டும். கூட வேலை செய்பவர் 'லா லந்தெர்னா' என்று ஒன்றைச் சொன்னார். உள்ளூரில் பெடோசின் என்பார்களாம். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் சுவர்! மாமியாருக்கு ஒரே சந்தோஷம். மனைவி முகத்தைச் சுளிக்கிறாள். போகலாமா?

கரைவேட்டி:
வேண்டாம். 1903இல், ஆஸ்திரிய ஹங்கேரிப் பேரரசு ஆண்ட காலத்தில் வந்த பிரிவினை அது. பேரரசு போய்விட்டது, முசோலினி போய்விட்டார், சுவர் மட்டும் போகவில்லை. ஐரோப்பா வரை போய், பெண்டாட்டி ஒரு பக்கம் நீங்கள் ஒரு பக்கம் என்று உட்காரவா விமானத்துக்குக் காசு கட்டினீர்கள்?

நீச்சல்காரி:
இந்த ஊரில் இருப்பவள் சொல்கிறேன். தாராளமாகப் போங்கள்.

ஊர் நடுவில் இருக்கும் பெரிய சதுக்கத்திலிருந்து கடலோரமாகவே நடந்தால் வந்துவிடும். நுழைவுக்கட்டணம் ஒரு யூரோ அளவில்தான். வெள்ளைச் சுவர், மூன்று மீட்டர் உயரம் இருக்கும், தண்ணீருக்குள்ளும் கொஞ்ச தூரம் போகிறது. பெண்கள் பக்கம்தான் பெரியது. காலையிலேயே பாட்டிமார் மடக்கு நாற்காலியோடு வந்து இடம் பிடித்துவிடுவார்கள். பிரசவத் தழும்பு, தொங்கும் வயிறு, சுருண்ட நரம்பு எதைப் பற்றியும் யாருக்கும் கவலை இல்லை. பாதிப் பேர் மேலாடையே போடுவதில்லை. மாமியாருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் சந்தோஷம் வேறு மாதிரி ஆகிவிடும் :)

பன்னிரண்டு வயதுவரை பையன்கள் அம்மாவோடு வரலாம். உங்கள் மகனுக்குப் பிரச்சினை இல்லை.

ஒன்று, அமைதி என்று நம்பி ஜூலையில் வந்துவிடாதீர்கள். பெண்கள் பக்கம் சந்தைக்கடைதான். செப்டம்பர் நடுவில் பள்ளி திறந்த பிறகுதான் அடங்கும்.

கரைவேட்டி:
பார்க்கிறவன் கண்தான் பிரச்சினை என்றால் அவனைத் திருத்த வேண்டும். பெண்களை மதிலுக்குள் வைப்பது எப்படித் தீர்வாகும்? இஸ்ரேலில், டெல் அவிவின் நோர்டாவ் கடற்கரையிலும் இதே கதை. ஒருநாள் பெண்கள், மறுநாள் ஆண்கள், சுற்றிலும் மறைப்பு. அங்கே போனால் பிற்போக்கு, இத்தாலியில் இருந்தால் பண்பாடா?

நீச்சல்காரி:
நோர்டாவ் மதப் பற்றுள்ள யூதர்களுக்காக ஏற்பட்டது. இங்கே மதம் எங்கே இருக்கிறது? பக்கத்திலேயே அவுசோனியா என்று இன்னொரு குளிக்கும் இடம், அங்கே எல்லாரும் கலந்துதான் குளிக்கிறார்கள். ஊரின் இன்னொரு கடலோரமான பார்கோலாவில் கிலோமீட்டர் கணக்கில் கலந்து படுத்துக் கிடக்கிறார்கள். சுவர் உள்ள ஒரே இடத்துக்கு ஒரு பெண் தானாக நடந்து வருகிறாள் என்றால் அவளைக் கேட்காமல் நீங்கள் ஏன் விடுதலை வாங்கித் தருகிறீர்கள்? சுவரை எடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோதெல்லாம் வேண்டாம் என்றது இந்த ஊர்ப் பெண்கள்தான்.

தாமிரபரணி:
எங்கள் ஊரிலும் பெண்கள் படித்துறை தனி. அதை யாரும் சிறை என்று சொல்லவில்லையே.

கரைவேட்டி:
சாதிக்கொரு படித்துறையும் இருந்ததே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா. பிரிப்பது ஒருமுறை பழகிவிட்டால் எல்லாமே இயல்பாகத்தான் தெரியும்.

நீச்சல்காரி அக்கா, இரண்டு வாசல் மட்டுமே உள்ள இடத்தில் ஆண், பெண் இரண்டிலும் சேராதவர் எந்த வழியாகப் போவார்?

நீச்சல்காரி:
நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதற்காக எழுபது வயதுக் கிழவிகளின் மதிலை இடிக்க நான் வரமாட்டேன்.

காற்றுமானி:
நீங்கள் சண்டை போடுங்கள், நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். குழந்தையோடு வருகிறவருக்கு அதுதான் முக்கியம்.

இயற்பியல் மையத்துக்குப் பக்கத்தில் இருப்பது பார்கோலா. பேர்தான் கடற்கரை, மணல் ஒரு பிடி கிடையாது. நடைபாதைக் கான்கிரீட்டில் துண்டை விரித்துப் படுப்பார்கள், முதுகுக்குப் பின்னால் கார் ஓடும். ஏணியைப் பிடித்து இறங்கினால் பல இடங்களில் உடனே ஆழம். நீந்தத் தெரிந்தவருக்குச் சொர்க்கம், ஏழு வயதுப் பையனுக்கு அல்ல. பெடோசினில் கூழாங்கல் கரை, மெல்ல மெல்லத்தான் ஆழமாகும். மணல் அங்கேயும் இல்லை. ரப்பர் செருப்பு கட்டாயம், வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்கால் உயிர் போகும்.

அடுத்தது போரா. இந்த ஊரின் வடகிழக்குக் காற்று. குளிர்காலத்தில் மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டும், ஒரு காலத்தில் தெருவில் பிடித்து நடக்கக் கயிறு கட்டியிருந்தார்கள். செப்டம்பரிலும் சில நாள் எட்டிப் பார்க்கும். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலையே இருக்காது, கண்ணாடி மாதிரித் தெரியும். அங்கேதான் ஏமாறுவோம். மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீரைக் காற்று உள்கடலுக்குத் தள்ளிவிடும், அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். நேற்றுக் குளித்த அதே இடத்தில் இன்று பல் கிடுகிடுக்கும். காற்றடைத்த வளையத்தில் பையனை மிதக்க விட்டால் வளையம் உள்கடலுக்குத்தான் போகும். போரா வீசும் நாளில் மிராமாரே கோட்டையைப் பார்த்துவிட்டு வாருங்கள், கடல் வேண்டாம்.

பெட்டிபடுக்கை:
ரொம்ப நன்றி. இன்னொன்று, மாமியார் சுடிதாரோடுதான் தண்ணீரில் இறங்குவார். யாராவது ஏதாவது சொல்வார்களா?

கரைவேட்டி:
இதைத்தான் எதிர்பார்த்தேன். அரைமணி ரயில் தூரத்தில் மொன்ஃபல்கோனே. அந்த ஊர் மேயர் 2023இல், முஸ்லிம் பெண்கள் உடுத்திய உடையோடு கடலில் இறங்குவதை நிறுத்தவேண்டும் என்று வெளிப்படையாகவே கிளம்பினார். ஆண் பார்வை சுவருக்கு அந்தப் பக்கம் போனது சரி, இந்தப் பார்வை எங்கே போகும்? கழற்றுகிறவளுக்குத்தான் உங்கள் சுதந்திரம், மூடிக்கொள்கிறவளுக்கு இல்லை.

நீச்சல்காரி:
அந்த மேயர் பேசியது சுவரே இல்லாத கடற்கரையைப் பற்றி. ஆனாலும் நீங்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. முணுமுணுக்கும் கிழவிகள் இங்கேயும் உண்டு, உடுத்திய துணியோடு இறங்கினால் சுத்தம் இல்லை என்பார்கள்.

பெட்டிபடுக்கை தம்பி, சுடிதார் வேண்டாம். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை கடையில் கிடைக்கும், துப்பட்டாவைக் கரையில் வைத்துவிடட்டும். வாசலிலேயே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டிபடுக்கை:
மனைவி முழுவதையும் படித்துவிட்டாள். "நானும் அம்மாவும் பையனும் ஒரு பக்கம் ஜாலியாக இருப்போம், நீங்க தனியா அந்தப் பக்கம் என்ன பண்ணுவீங்க?" என்கிறாள். முகச்சுளிப்பு போய்விட்டது, இப்போது எனக்குத்தான் யோசனை.

காற்றுமானி:
ஆண்கள் பக்கம் சின்னது, சத்தம் குறைவு. நீங்கள் கேட்ட அமைதி அங்கேதான் கிடைக்கும், ஒரு புத்தகம் கொண்டு போங்கள். பேச வேண்டுமென்றால் சுவர் முடிகிற இடம்வரை தண்ணீரில் நடந்து வாருங்கள். புருஷன் பெண்டாட்டி இடுப்பளவு நீரில் நின்று மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். சாப்பாட்டுப் பை யாரிடம் என்பதை மட்டும் உள்ளே போகும் முன்னே முடிவு பண்ணிவிடுங்கள்.

கரைவேட்டி:
இடுப்பளவு நீரில் நின்று பெண்டாட்டியிடம் இட்லிப் பொட்டலம் கேட்பதற்குப் பதில் நான் பார்கோலாவிலேயே முதுகு பொசுங்கப் படுத்துக்கொள்கிறேன்.